பொன்னும் பொன்னும் மோதினால்...

சிதறு தேங்காய் உடைப்பதைப் பார்த்திருப்பீர்கள். உடையும் கணத்தில் நடப்பது கண்ணில் படுவதில்லை. ஆனால் சில்லுகள் எந்தத் திசையில் எவ்வளவு தூரம் தெறித்தன என்று பார்த்து, அடி விழுந்த விதத்தை ஊகிக்கலாம் அல்லவா? அணுக்கரு இயற்பியலார் செய்வதும் இதுதான்.

பொன்னின் அணுக்கருவில் 79 புரோட்டான்களும் 118 நியூட்ரான்களும் உள்ளன. இவை ஒவ்வொன்றும் குவார்க்குகளால் ஆனவை. குவார்க்குகளைப் பசைபோலப் பிணைத்து வைப்பவை குளுவான்கள். மிக உயர்ந்த வெப்பநிலையில் இப்பிணைப்பு தளர்ந்து, இரண்டும் வாயுவைப்போலத் தாராளமாகத் திரியும் என்று பலர் எதிர்பார்த்தனர்.

இதைச் சோதிப்பது எப்படி? அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்தில் 3.8 கிலோமீட்டர் சுற்றளவுள்ள முடுக்கி ஒன்று 2000-ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கியது. அதில் பொன் அணுக்கருக்கள் ஏறத்தாழ ஒளியின் வேகத்தில் எதிரெதிரே வந்து மோதின. மோதிய இடத்தில் வெப்பநிலை சுமார் 4 லட்சம் கோடி டிகிரி செல்சியஸ்! சூரியனின் மையத்தைவிட இது சுமார் இரண்டரை லட்சம் மடங்கு அதிகம்.

ஒரு நொடியைக் கோடி கோடியாகப் பகுத்து, அதில் ஒரு பங்கை மீண்டும் கோடியாகப் பகுத்தால் கிடைக்கும் நேரம்கூட அந்தத் தீத்துளி நிலைப்பதில்லை. ஆயிரக்கணக்கான துகள்களாகச் சிதறிவிடுகிறது. அது வாயுவா, திரவமா என்று எப்படி அறிவது?

இரு கருக்கள் சற்று விலகி மோதும்போது, அவை ஒன்றன்மேல் ஒன்று படியும் பகுதி பாதாம்பருப்பின் வடிவில் இருக்கும். உள்ளே இருப்பது வாயுவானால், துகள்கள் எல்லாப் பக்கமும் ஏறத்தாழச் சமமாகப் பறக்கவேண்டும். திரவமானால் அப்படியன்று. பருப்பின் குறுகிய பக்கத்தில் விளிம்பு அருகிலேயே இருப்பதால், அழுத்தம் அங்கே சட்டெனக் குறைகிறது. ஆகவே அத்திசையில் துகள்கள் மிகுதியாகப் பாயும்.

உணர்கருவிகள் காட்டியது இரண்டாவதையே! அது திரவம் என்று 2005-இல் ஆய்வாளர்கள் அறிவித்தனர். தேன் மெல்ல வழிகிறது. நீர் விரைந்து ஓடுகிறது. இதுவோ பாகுநிலை மிக மிகக் குறைந்த திரவம். 2010-இல் ஜெனீவா அருகிலுள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் காரீய அணுக்கருக்களை மோதவிட்டபோதும் இதே நடத்தை காணப்பட்டது.

பெருவெடிப்புக்குப் பிந்திய முதல் சில மைக்ரோ நொடிகளில் பேரண்டம் முழுவதும் இத்தகைய பொருளே நிறைந்திருந்தது என்கிறது இன்றைய இயற்பியல். அது குளிர்ந்தபோதுதான் உங்கள் உடலிலுள்ள புரோட்டான்களும் நியூட்ரான்களும் உருவாயின. அணுக்கருப் பொருளின் செறிவைக் கூட்டினால் இந்த மாற்றம் படிப்படியாக நிகழுமா, திடீரென நிகழுமா? இதற்கான விடையை இன்றும் தேடுகிறார்கள். அந்தத் தேடலில் நாளை நீங்களும் சேரலாம்.