சீனத் தேனுக்கு மகாபலேஷ்வரில் விலை

ஜூன் பிறந்தாலே இந்தியத் தேன் ஏற்றுமதியாளர்களின் வழக்கறிஞர்களுக்கு வேலை கூடிவிடுகிறது. இந்தியா, அர்ஜென்டினா, பிரேசில், வியட்நாம் ஆகிய 4 நாடுகளின் தேன் மீது பொருள் குவிப்புத் தடுப்பு வரி விதிக்கும் அமெரிக்க ஆணை 2022 ஜூன் 10 அன்று வெளியானது. ‘எங்கள் வரி விகிதத்தை மறுபடி கணக்கிடுங்கள்’ என்று ஆண்டுக்கு ஒருமுறை மனு கொடுக்கலாம். அதுவும் ஆணை வெளியான அதே மாதத்தில், ஜூன் முடிவதற்குள் கொடுத்தாக வேண்டும். தவறவிட்டால் அடுத்த ஜூன்தான்.

இந்தக் கெடு பற்றிய செய்தி வெளியாகும்போதெல்லாம் வாசகர் கடிதங்களில் குழப்பம் தெரிகிறது. டிரம்ப் போட்ட வரி என்று சிலர் நினைக்கிறார்கள். கலப்படத் தேனுக்கான தண்டனை என்று சிலர் எழுதுகிறார்கள். ‘வியட்நாமுக்கு 60 சதவீதம், நமக்கு 6 சதவீதம், அப்படியானால் நம் தேன் அவ்வளவு நேர்மையானதா?’ என்று ஒரு கடிதம் கேட்கிறது. முதலில் பதில் சொல்ல வேண்டிய கேள்வி அதுதான்.

2022 ஆணையில் இந்தியத் தேனுக்கு 5.52 முதல் 6.24 சதவீதம், அர்ஜென்டினாவுக்கு 9.17 முதல் 49.44, பிரேசிலுக்கு 7.89 முதல் 83.72, வியட்நாமுக்கு 58.74 முதல் 61.27 சதவீதம் என்று விகிதங்கள் அமைந்தன. வியட்நாம் கணக்கில் ஒரு விசேஷம் உண்டு. சில மாதங்களுக்கு முன் வந்த முதற்கட்ட முடிவில் அந்த விகிதம் 400 சதவீதத்தையும் தாண்டியிருந்தது. இறுதி முடிவில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. இடைப்பட்ட காலத்தில் வியட்நாமின் தேனீக்களும் மாறவில்லை, விசாரணைக்கு எடுத்துக்கொண்ட ஏற்றுமதியும் மாறவில்லை. வாஷிங்டனில் கணக்குக்கு எடுத்துக்கொண்ட எண்கள் மாறின.

‘நியாயமான மதிப்பை விடக் குறைந்த விலைக்கு விற்பது’ என்று அமெரிக்க வணிகத் துறை குவிப்பை வரையறுக்கிறது. கேட்பதற்கு, எங்கோ ஒரு நியாய விலை எழுதி வைத்திருக்கிறது, அதிகாரிகள் அதைப் பார்த்துச் சொல்கிறார்கள் என்றே தோன்றும். உண்மையில் அந்த மதிப்பை அவர்களே கட்டி எழுப்புகிறார்கள். சாதாரண நாடு என்றால் அந்நாட்டு உள்ளூர் விலையையோ, வேறொரு நாட்டுக்கு விற்ற விலையையோ, உற்பத்திச் செலவையோ வைத்துக் கணக்கிடுகிறார்கள். சீனா, வியட்நாம் போன்றவற்றை ‘சந்தைப் பொருளாதாரம் அல்லாத நாடு’ என்று அமெரிக்கா வகைப்படுத்தியிருக்கிறது. அங்குள்ள விலைகள் நம்பத்தக்கவை அல்ல என்று சட்டமே முடிவு கட்டிவிடுகிறது. அந்த இடத்தில்தான் ‘பதிலி நாடு’ வருகிறது.

பதிலி நாட்டுக் கணக்கு எப்படி நடக்கிறது என்பதற்குச் சீனத் தேன் நல்ல உதாரணம். அமெரிக்கா அதன் மீது 2001 டிசம்பரில் குவிப்பு வரி விதித்தது. சீன நிறுவனத்திடம் உள்ளூர் விலையைக் கேட்பதில்லை, அளவு மட்டுமே கேட்கிறார்கள். ஒரு கிலோ ஏற்றுமதித் தேனுக்கு எவ்வளவு கச்சாத் தேன், எத்தனை மணி நேர உழைப்பு, எவ்வளவு மின்சாரம், எவ்வளவு நிலக்கரி, எத்தனை இரும்பு டிரம்? இந்த அளவுகளை வாங்கிக்கொண்டு, ஏறத்தாழ அதே வளர்ச்சி நிலையில் உள்ள இன்னொரு நாட்டின் விலைகளால் பெருக்குகிறார்கள். சீனத் தேனுக்கு அந்த இன்னொரு நாடாக அப்போது இந்தியாவை எடுத்துக்கொண்டார்கள்.

இந்தியாவில் கச்சாத் தேன் என்ன விலை? அதைத் தொடர்ந்து பதிவு செய்யும் அரசுப் புள்ளிவிவரம் கைக்கு எட்டவில்லை. எனவே சண்டிகரிலிருந்து வெளிவரும் ‘ட்ரிப்யூன்’ நாளிதழின் வேளாண் பகுதியில் 2000ஆம் ஆண்டு வந்த ஒரு கட்டுரையிலிருந்து விலையை எடுத்தார்கள். பிந்தைய மறுஆய்வுகளில் ஊரக வளர்ச்சி ஆலோசனை நிறுவனம் ஒன்று இணையத்தில் வெளியிட்ட தேன் விலைப் பட்டியல் அந்த இடத்துக்கு வந்தது. லிச்சித் தேன் விலையும் அதில் அடக்கம். நிர்வாகச் செலவுக்கும் லாபத்துக்கும் ஒரு விகிதம் தேவைப்பட்டது. மகாராஷ்டிரத்தின் மலைவாசஸ்தலமான மகாபலேஷ்வரில் உள்ள தேன் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கத்தின் ஆண்டுக் கணக்கிலிருந்து அதை எடுத்துக்கொண்டார்கள்.

சீனாவில் எடுத்து, அமெரிக்காவில் இறக்கிய தேனுக்கு வரி எவ்வளவு என்பதை சண்டிகர் நாளிதழும் மகாபலேஷ்வர் சங்கத்தின் வரவு செலவும் தீர்மானித்தன. அந்தச் சங்கத்து உறுப்பினர்களிடம் இதை யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருப்பார்களா என்பது சந்தேகமே.

இந்த முறைக்கு அமெரிக்க அரசு சொல்லும் காரணத்தை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. மின்சாரம், கடன், நிலம் எல்லாவற்றுக்கும் அரசே விலை வைக்கும் நாட்டில் உள்ளூர் விலை என்பது பாதி உண்மைதான். ஆனால் உருக்காலைக்குப் பொருந்தும் இந்த வாதம், பூக்கும் பருவம் பார்த்துத் தேன் பெட்டிகளை ஊர் ஊராகக் கொண்டுபோகும் குடும்பத்துக்கும் பொருந்துமா என்பது கேள்வி. அதைவிடப் பெரிய சிக்கலும் இருக்கிறது. சட்டத்தை மதித்து நடக்க விரும்பும் ஒரு வியட்நாம் ஏற்றுமதியாளர், ‘எந்த விலைக்கு விற்றால் குவிப்பு ஆகாது?’ என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழியே இல்லை. எந்த நாட்டின் எந்தப் பட்டியலை அதிகாரி எடுப்பார் என்பது சரக்கு போய்ச் சேர்ந்த பிறகுதான் முடிவாகும். தெரிந்துகொள்ளவே முடியாத ஒரு விதியை மீறியதாக ஒருவரைக் குற்றம் சாட்டுவதற்கு ‘நியாயமான மதிப்பு’ என்று பெயர் வைப்பது சரியல்ல.

அமெரிக்காவின் வசூல் முறை இந்த நிச்சயமின்மையை இரட்டிப்பாக்குகிறது. துறைமுகத்தில் கட்டுவது வெறும் வைப்புத்தொகை. மறுஆய்வு முடிந்து இறுதி விகிதம் வரும்போது, ஓராண்டுக்கு மேல் கழித்து, மீதியை வட்டியோடு கட்டச் சொல்லலாம், அல்லது திருப்பித் தரலாம். யாரும் மறுஆய்வு கேட்காவிட்டால் வைப்புத்தொகையே இறுதி வரியாகிவிடும். ஜூன் மாதத்து அவசரத்துக்கு இதுதான் காரணம்.

வரி இப்படி நாட்டின் பெயரைப் பார்த்து விழும்போது, நாட்டின் பெயரை மாற்றிவிட்டால் போதும் என்று சிலர் கணக்குப் போட்டார்கள். சீனத் தேனுக்கான வரி மதிப்பில் 221 சதவீதம் வரை போய், பிறகு கிலோவுக்கு 2.63 டாலர் என்று மாறியது. அதே தேன் டிரம்கள் இந்தியா, மலேசியா, இந்தோனேசியா, தைவான் போன்ற நாடுகளின் பெயரில் போலி ஆவணங்களோடு அமெரிக்கா வந்து இறங்கின. எந்த ஊர்ப் பூ என்று காட்டிக்கொடுக்கும் மகரந்தத்தையே தேனிலிருந்து வடிகட்டி எடுத்துவிட முடியும்.

2010 செப்டம்பரில் ஜெர்மனியின் ஆல்ஃபிரட் எல். வோல்ஃப் குழுமம், அதன் அதிகாரிகள் உள்ளிட்டோர் மீது சிகாகோவில் குற்றப்பத்திரிகை தாக்கலானது. ஏய்த்த வரி ஏறத்தாழ 8 கோடி டாலர் என்றது அரசுத் தரப்பு. 2013 பிப்ரவரியில் இரண்டாம் கட்ட வழக்கில் அந்தத் தொகை 18 கோடி டாலரைத் தாண்டியது. அதில் சிக்கிய அமெரிக்க நிறுவனமான க்ரோப் ஃபார்ம்ஸ் 20 லட்சம் டாலர் அபராதம் ஒப்புக்கொண்டது, அதே ஆண்டில் திவாலானது. இத்தனைக்கும் வரியைக் கேட்டு வாங்கியவர்கள் அமெரிக்கத் தேனீ வளர்ப்போர். அவர்களைக் காப்பதற்காகப் போட்ட வரியைச் சுற்றி அவர்கள் சந்தைக்குள்ளேயே ஒரு கடத்தல் தொழில் வளர்ந்ததில் அதிகம் இழந்ததும் அவர்கள்தான்.

இனி, கடிதங்களில் வந்த மற்ற கேள்விகள்.

இதுவும் டிரம்ப் வரியும் ஒன்றா? இல்லை. 2025 ஆகஸ்டில் இந்தியப் பொருள்கள் மீது வந்த 50 சதவீத வரி அதிபர் ஆணையால் வந்தது. தேன் வரி, 2021 ஏப்ரலில் உள்நாட்டு உற்பத்தியாளர்கள் கொடுத்த மனுவின் மீது நடந்த விசாரணையில் வந்தது. ஒன்று போனாலும் மற்றது நிற்கும்.

வரியைக் கட்டுவது யார்? அமெரிக்காவில் இறக்குமதி செய்பவர். ஆனால் அதை மனதில் வைத்தே அவர் இங்கே விலை பேசுவார்.

கலப்படத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டா? சட்டப்படி இல்லை. டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2020இல் 13 பிராண்டுகளின் தேனைச் சோதித்தபோது, 10 பிராண்டுகள் கலப்படத்தைக் கண்டறியும் என்எம்ஆர் சோதனையில் தேறவில்லை. குவிப்பு வரி பார்ப்பது விலையை மட்டும்.

வரி முழுதாக வசூலாகிறதா? இல்லை. எல்லாப் பொருள்களையும் சேர்த்து, 2001 முதல் வசூலாகாமல் நின்ற குவிப்பு மற்றும் மானிய எதிர்ப்பு வரிகள் 2019 மே நிலவரப்படி 450 கோடி டாலர் என்கிறது அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகம். பூண்டும் தேனும் அந்தப் பாக்கியில் பெரும்பங்கு வகித்த பொருள்கள்.

இந்திய அரசு என்ன செய்தது? 2024 மார்ச்சில் டன்னுக்கு 2,000 டாலருக்குக் கீழே தேன் ஏற்றுமதி செய்யக்கூடாது என்று குறைந்தபட்ச விலை வைத்தது.

இந்தியா பதிலி நாட்டுக் கணக்கு போடுவதில்லையா? போடுகிறது. சீனப் பொருள்களை விசாரிக்கும்போது இந்தியாவின் வர்த்தகத் தீர்வுகள் இயக்குநரகமும் இதே பாதையில்தான் போகிறது.

மார்த்தாண்டம் தேனுக்குப் பாதிப்பு உண்டா? நேரடியாகப் பெரிதாக இல்லை. ஏற்றுமதியின் பெரும்பகுதி வட மாநிலங்களின் கடுகுப்பூத் தேன்.

‘சந்தைப் பொருளாதாரம் அல்லாத நாடு’ என்ற வியட்நாமின் வகைப்பாடு மாறுமா? அதை மாற்ற 2024 ஆகஸ்டில் அமெரிக்கா மறுத்துவிட்டது.

ஆணை எப்போது முடியும்? ஐந்தாண்டுக்கு ஒருமுறை மறுஆய்வு கட்டாயம், முதல் சுற்று 2027இல். வரியை நீக்கினால் குவிப்பு தொடருமா என்று வணிகத் துறையும், உள்நாட்டுத் தொழில் பாதிக்குமா என்று சர்வதேச வர்த்தக ஆணையமும் தனித்தனியே பார்க்கும். இரண்டில் ஒன்று ‘இல்லை’ என்றாலும் ஆணை ரத்தாகும்.