மழுவும் மண்ணும்

மட்டாஞ்சேரிப் படகுத்துறையில் நின்று கிழக்கே நோக்கினால் வில்லிங்டன் தீவு தெரியும். கொச்சித் துறைமுகத்தை ஆழப்படுத்துவதற்காக ராபர்ட் பிரிஸ்டோ என்னும் ஆங்கிலப் பொறியாளர் 1920-களிலும் அதன் பின்னரும் தோண்டியெடுத்த மண்ணே அங்கே நிலமாயிற்று. அதற்கு ஆளும் உண்டு, ஆண்டும் உண்டு. ஆயின், கேரள நாடு முழுவதுமே கடலினின்று மீட்கப்பட்டது என்று பழங்கதை ஒன்று வழங்குகின்றது. அக்கதை செய்த வேலை யாது என்பதைச் சிறிது ஆராய்வோம்.

அரசர் குலங்களை அழித்த பாவம் நீங்க நிலதானம் செய்ய விரும்பிய பரசுராமர் தம் மழுவைக் கடலில் எறிந்தார். கோகர்ணம் முதல் கன்னியாகுமரி வரை நீர் விலகி நிலம் தோன்றிற்று. அங்குக் குடியேறிய அந்தணர் பாம்புகளுக்கு அஞ்சி ஓடிவிட்டனர். பின்னர் வேறு அந்தணரை வரவழைத்து, அறுபத்து நான்கு கிராமங்களில் இருத்தி, பாம்புகளுக்கும் இடம் விட்டு வழிபடச் செய்தார். வந்தவர் ஊர் திரும்பாதிருக்க முன்குடுமி வைக்கச் சொன்னார் என்பதும் கதை. இவற்றைக் கூறும் 'கேரளோற்பத்தி'யை 1843-இல் மங்களூரில் அச்சிட்டு வெளியிட்டவர் ஜெர்மானியப் பாதிரியாரான ஹெர்மன் குண்டர்ட்.

இதனை வெறும் புராணமென்று தள்ளுதல் பொருந்தாது. உண்மையில் இஃது ஒரு நிலப்பத்திரம். வென்ற நிலத்துக்குத் தோற்றவன் உண்டு. வாங்கிய நிலத்துக்கு விற்றவன் உண்டு. கடலுக்கடியிலிருந்து வந்த நிலத்துக்கோ முன் உரிமையாளர் எவருமிலர். அந்தணரின் ஜன்மம் என்னும் நிலவுரிமைக்கு இதனினும் வலிய சான்று வேண்டுமோ? சேற்றில் இறங்கி உழுத புலையருக்குக் கதையின் தொடக்கத்தில் இடமே இல்லை.

தமிழ் நூல்களோ வேறு செய்தி தருகின்றன. மழுவேந்திய நெடியோன் செல்லூரில் வேள்வி செய்ததை அகநானூற்றுப் பாட்டொன்று குறிக்கின்றது. கடல் விலகியதை அது கூறவில்லை. சேரர் ஆண்டனர், முசிறித் துறையில் யவனர் மிளகு ஏற்றினர். ஆளும் குடியும் நிறைந்த நாடாகவே அது காணப்படுகின்றது. நம்மவர் கதையும் சற்றே நோக்கத்தக்கது. இறையனார் களவியலுரையில் கடல் நிலத்தைக் கொண்டது. மலையாளக் கதையில் கொடுத்தது. அங்கே நிலத்துக்கு உரிமை. இங்கே மொழிக்குத் தொன்மை.

மட்டாஞ்சேரி யூதர் தெருவிலுள்ள பரதேசி ஜெபாலயத்தில் வேறு வகைப் பத்திரம் ஒன்று பேணப்படுகின்றது. கி.பி. 1000 அளவில் சேரமன்னன் பாஸ்கர ரவி, ஜோசப் ரப்பான் என்பவருக்கு எழுபத்திரண்டு உரிமைகளை வழங்கி வட்டெழுத்தில் பொறித்த செப்பேடு அது. கொடுத்தவன் பெயர், பெற்றவன் பெயர், சாட்சிகள் யாவும் அதில் உள்ளன.

எனினும், மழுக்கதையில் இம்மண்ணின் இயல்பு சிறிதும் இல்லை என்று கூறிவிட முடியாது. இக்கரையில் ஆறு கொணரும் வண்டலும் கடல் ஒதுக்கும் மணலும் கண்முன்னே நிலமாகின்றன. 1341-இல் பெரியாறு பெருவெள்ளங் கொண்டபோது பழைய முசிறித் துறை தூர்ந்து கொச்சி அழிமுகம் திறந்தது என்பர். வைப்பின் தீவின் தோற்றத்தையும் அவ்வாண்டோடு இணைப்பர். அதனைத் தொடக்கமாகக் கொண்டு 'புதுவைப்பு' என்னும் ஆண்டுக் கணக்கும் வழங்கிற்று. கடல் பின்வாங்குவதைக் கண்ட மக்களுக்கு மழுக்கதை நம்பத்தகாததாய்த் தோன்றியிராது.

கதை தந்த உரிமையைச் சட்டம் முடித்தது. 1963-ஆம் ஆண்டின் நிலச்சீர்திருத்தச் சட்டம் 1969-இல் திருத்தப்பெற்று, 1970 ஜனவரி முதல் நாளில் நடைமுறைக்கு வந்தது. குத்தகை நிலங்களில் ஜன்மிகளின் உரிமை அன்றோடு அரசைச் சேர்ந்தது. உழுத குத்தகையாளர் அந்நிலத்தைத் தம் பெயரில் பெற வழி பிறந்தது. குடிசை போட்டிருந்த கூலியாளர்க்கோ பெரும்பாலும் அக்குடிசையைச் சுற்றிய சில சென்டு மண்ணே கிடைத்தது.