மூழ்கிய நெல்லும் அதன் பங்காளிகளும்

நெல் தண்ணீரில் நிற்கிற பயிர்தான். ஆனால் நுனி தெரியாமல் மூழ்கிவிட்டால் பெரும்பாலான ரகங்கள் ஒரு வாரத்துக்கு மேல் தாங்குவதில்லை. சாவுக்கு வெள்ளம் பாதிக் காரணம் என்றால், மீதி பயிரின் பதற்றம்.

வாயுக்கள் காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் ஏறக்குறைய 10,000 மடங்கு மெதுவாகப் பரவும். செடி எப்போதும் வெளியிடும் எத்திலின், அதாவது காயைப் பழுக்கவைக்கும் அதே வாயு, வெளியேற வழியின்றி உள்ளேயே தேங்குகிறது. மூழ்கிவிட்டதைச் செடி அறிவது இப்படித்தான். உடனே ஜிபரெலின் ஹார்மோன் முடுக்கிவிட, தலையை வெளியே நீட்டப் பார்த்துத் தாறுமாறாக நீள்கிறது. சேர்த்துவைத்த மாவுச்சத்து தீர்கிறது. தண்ணீர் வடிந்ததும் சோனிப் பயிர் அப்படியே சாய்கிறது.

ஒடிசாவின் பழைய ரகமான எஃப்ஆர் 13ஏயோ இரண்டு வாரம் வரை மூழ்கிக் கிடந்தும் பிழைக்கும். அதன் 9ஆவது குரோமோசோமில் இருக்கும் சப்1ஏ என்ற மரபணுவே காரணம் என்று கெனொங் சூ, பமீலா ரொனால்ட், டேவிட் மேக்கில் ஆகியோரின் குழு 2006இல் காட்டியது. இது ஜிபரெலினின் வேகத்தைக் கட்டுப்படுத்தி, பயிரைச் சும்மா இருக்கவைக்கிறது. வளராமல் கிடப்பதும் ஒரு திறமைதான்!

சப்1ஏ தனி ஆள் அல்ல. நெல்லில் நூற்றுக்கும் மேற்பட்ட உறுப்பினர்களைக் கொண்ட ஈஆர்எஃப் என்னும் மரபணுக் குடும்பத்தைச் சேர்ந்தது. மற்ற மரபணுக்களை இயக்குவதும் அடக்குவதுமே இந்தக் குடும்பத்தின் வேலை. பக்கத்திலேயே சப்1பி, சப்1சி என்று இரண்டு பங்காளிகள். எல்லா நெல்லிலும் இருக்கும் சப்1பி எப்போதோ இரட்டித்ததில் பிறந்த நகல்தான் சப்1ஏ என்று கருதப்படுகிறது. வேடிக்கை என்னவென்றால், 2005இல் முழு மரபணுத் தொகுதியும் வாசித்து வெளியிடப்பட்ட ஜப்பானிய ரகமான நிப்பான்பாரேயில் சப்1ஏ கிடையவே கிடையாது. அந்த ஒரு ரகத்தை மட்டும் நம்பித் தேடியிருந்தால் கையில் சிக்கியிருக்காது. சில ரகங்களில் சப்1ஏ இருந்தும் பயிர் மடிகிறது. அவற்றின் புரதத்தில் 186ஆவது இடத்தில் செரின் என்ற அமினோ அமிலம் இல்லை, புரோலின் இருக்கிறது.

இதைவிட வியப்பு 2009இல் வந்தது. மாதக்கணக்கில் வெள்ளம் நிற்கும் இடங்களில் விளையும் ஆழ்நீர் நெல்லை ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தில் மோட்டோயுகி அஷிகாரியின் குழு ஆராய்ந்தது. கிடைத்தவை ஸ்நார்க்கல்1, ஸ்நார்க்கல்2 என்ற மரபணுக்கள். இவையும் ஈஆர்எஃப் குடும்பம்தான். இவற்றை எழுப்புவதும் எத்திலின்தான். உத்தரவு மட்டும் தலைகீழ்: 'ஓங்கி வளர்.' தண்டு ஒரே நாளில் 20, 25 சென்டிமீட்டர்கூட நீளும். சில நாளில் வடியும் வெள்ளத்துக்கு ஒரு பங்காளி, வடியவே வடியாததற்கு இன்னொருவர்.

வயலுக்கு வந்திருப்பது சப்1ஏதான். மரபணு மாற்றம் ஏதுமில்லை, சாதாரண ஒட்டுக்கலப்புதான். எந்த நாற்றில் அந்த மரபணு இறங்கியிருக்கிறது என்பதை டிஎன்ஏ அடையாளங்கொண்டு பார்த்துப் பொறுக்கினார்கள். 2009இல் இந்தியாவில் ஸ்வர்ணா-சப்1 வெளியானது. காவிரி டெல்டாவின் சம்பாவுக்கும் சிஆர் 1009 சப்1 உண்டு.

வெள்ளம் வடிந்த மறுகணம், அதுவரை ஊறிக் கிடந்த இலை காற்றுபட்டு வாடத் தொடங்குகிறது. அந்த வாட்டத்திலிருந்து தேறவும், வறட்சிக்குப் பின் மீளவும் சப்1ஏ உதவுகிறது என்று 2011இல் தெரியவந்தது.