தோசைக்கல் சொல்லித்தரும் பௌலிங் லேன்

டென்பின் பௌலிங் கூடத்துக்குள் நுழைகிறவர்கள் முதலில் தேடுவது பந்தைத்தான். எந்த நிறம், எத்தனை பவுண்டு, துளையில் விரல் நுழையுமா என்று ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்ப்பார்கள். பந்து ஓடப்போகும் லேனை யாரும் கவனிப்பதில்லை. பளபளப்பான மரத்தரை, அவ்வளவுதான் என்று தோன்றும். ஆனால் விளையாட்டின் பாதி அந்தத் தரையில்தான் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத ஓர் எண்ணெய்ப் படலம் அதன்மேல் பூசப்பட்டிருக்கிறது. பந்து எதுவரை நேராகப் போகும், எங்கே வளையும் என்பதைத் தீர்மானிப்பது அந்தப் படலம்தான்.

வீட்டில் சின்னதாக ஒரு லேன் செய்ய நினைப்பவர்கள் பெரும்பாலும் ஒரு பலகை, பத்து பொம்மைப் பின்கள், கையில் கிடைத்த ஒரு பந்து என்று தொடங்குகிறார்கள். சீக்கிரமே சலித்துவிடுகிறது. பந்து நேராகப் போகிறது, பின்கள் விழுகின்றன அல்லது விழுவதில்லை. பழகித் தேர்ச்சி பெற அதில் ஒன்றும் இல்லை. அதே பலகையைச் சரியான விகிதத்தில் அறுத்து, சரியான இடம்வரை எண்ணெய் தடவினால், பெரிய கூடத்தில் பந்து செய்யும் அத்தனையையும் வராந்தாவில் செய்யவைக்கலாம். அது எப்படி என்று பார்ப்போம்.

கல்லும் லேனும்

பழகிய தோசைக்கல்லில் நடுவே எண்ணெய் தடவியிருக்கும், ஓரம் காய்ந்திருக்கும். தோசைத்திருப்பியை நடுவில் தள்ளினால் வழுக்கிக்கொண்டு ஓடும். காய்ந்த ஓரத்தில் பட்டதும் பிடித்துக்கொள்ளும். தள்ளுகிற கை ஒன்றுதான், வேகமும் ஒன்றுதான். கல் இடத்துக்கு இடம் மாறுவதால் நடை மாறுகிறது.

லேனிலும் நடப்பது இதுவே. பந்தை விடும் கோட்டிலிருந்து முதல் பின் வரை 60 அடி. வழக்கமான கூடங்களில் முதல் 40 அடி வரை எண்ணெய் இருக்கும்; கடைசி 20 அடி காய்ந்திருக்கும். அகலவாக்கிலும் நடுவில் கூடுதல், ஓரங்களில் குறைவு. இவ்வளவு பெரிய தரைக்கும் சேர்த்து 20 முதல் 30 மி.லி. எண்ணெய்தான் செலவாகும். ஆனால் எண்ணெய்ப் பகுதியில் உராய்வுக் கெழு சுமார் 0.04 என்றால், காய்ந்த பகுதியில் 0.2 அளவில் இருக்கும். ஐந்து மடங்கு வித்தியாசம்.

வலக்கைக்காரர் ஒருவர் பந்தை விடும்போது விரல்களால் அதற்குப் பக்கவாட்டில் ஒரு சுழற்சி கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எண்ணெய் இருக்கும்வரை அந்தச் சுழற்சிக்குத் தரையில் பிடிமானம் கிடையாது. பந்து சுழன்றபடியே நேராக வழுக்கிப் போகும். எண்ணெய் முடிந்ததும் தரை பிடிக்கிறது; அதுவரை வீணாகிக்கொண்டிருந்த சுழற்சி பந்தை இடப்பக்கம் இழுக்கிறது. கடைசி நொடியில் பந்து தானாகத் திரும்புவதுபோல் தெரிகிறதே, அந்த ஹூக் இப்படித்தான் பிறக்கிறது.

ஐந்தில் ஒரு பங்கு

வீட்டுக்குள் லேன் என்பது புதிய ஆசை அல்ல. 1947இல் அதிபர் ட்ரூமனுக்காக வெள்ளை மாளிகையிலேயே லேன்கள் போட்டார்கள். பௌலிங் பிரியரான நிக்சன் காலத்தில், 1969இல், வடக்கு முகப்பின் கீழே நிலவறையில் ஒற்றை லேன் ஒன்று அமைந்தது. அவை முழு அளவு லேன்கள். நம் வீட்டுக்கு அளவைச் சுருக்க வேண்டும். எத்தனை மடங்கு சுருக்குவது என்பதைப் பந்தை வைத்து முடிவு செய்வதே எளிது. மற்ற எல்லாவற்றையும் நாம் அறுத்துக்கொள்ளலாம், நல்ல உருண்டைப் பந்தை மட்டும் வீட்டில் செய்ய முடியாது.

இதற்கென்றே செய்ததுபோல் ஒரு பந்து இருக்கிறது: கோல்ஃப் பந்து. அதன் விட்டம் 42.7 மி.மீ. பௌலிங் பந்தின் விட்டம் 8.5 அங்குலம், அதாவது சுமார் 216 மி.மீ. கிட்டத்தட்டச் சரியாக ஐந்தில் ஒரு பங்கு. எடையும் பொருந்துகிறது. எல்லா நீளங்களும் ஐந்தில் ஒன்றானால் எடை 125இல் ஒன்றாகும். 46 கிராம் கோல்ஃப் பந்தை 125ஆல் பெருக்கினால் 5.75 கிலோ, கூடங்களில் பலரும் எடுக்கும் 12, 13 பவுண்டுப் பந்தின் எடை அது.

மற்ற அளவுகள் இப்படி வரும்:

- கோட்டிலிருந்து முதல் பின் வரை: 60 அடி, நமக்கு 12 அடி
- லேனின் அகலம்: 41.5 அங்குலம், நமக்கு 21 செ.மீ.
- பக்கப் பள்ளம்: 9.25 அங்குலம், நமக்கு 4.7 செ.மீ.
- பின்னின் உயரம்: 15 அங்குலம், நமக்கு 3 அங்குலம்
- அடுத்தடுத்த பின்களின் மையங்களுக்கு இடையே: 12 அங்குலம், நமக்கு 6.1 செ.மீ.
- ஒரு வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் இடையே: நமக்கு 5.3 செ.மீ.

பின்கள் நிற்கும் இடத்தையும் சேர்த்தால் பலகை 12 அடி 7 அங்குலம் நீளம் வேண்டும். பள்ளங்களோடு மொத்த அகலம் ஒரே ஒரு அடி. 16 அடி வராந்தா இருந்தால் போதும்.

ஒன்றை மட்டும் சுருக்க முடியாது: புவியீர்ப்பு. அதனால் நேரமும் வேகமும் ஐந்தில் ஒன்றாகக் குறையாமல், ஐந்தின் வர்க்கமூலமான 2.24ஆல் குறைகின்றன. பெரிய லேனில் பந்து பின்களை அடைய ஏறக்குறைய இரண்டரை வினாடி எடுத்துக்கொள்ளும். நம் லேனில் ஒரு வினாடிக்குச் சற்றுக் கூடுதலாக எடுத்தால் அதுவே சரியான வேகம். அதற்கு மேல் விசிறியடித்தால் காய்ந்த பகுதி பந்தைப் பிடிப்பதற்குள் அது பின்களைத் தாண்டிவிடும். மெல்ல உருட்டுவதே இங்கே திறமை.

மட்டம்

அடுப்பு ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் மாவும் எண்ணெயும் தாழ்ந்த பக்கம் போய்ச் சேரும். ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் தீய்ந்தும் தோசை வரும். லேன் சாய்ந்திருந்தால் பந்து அதே பாட்டைப் படும். போட்டி லேன்களில் 42 அங்குல அகலத்துக்கும் ஒரு மில்லிமீட்டர்தான் ஏற்றத்தாழ்வு அனுமதி. நம் அளவில் அது 0.2 மி.மீ., அதாவது இரண்டு தாள்களின் தடிமன்.

இந்தத் துல்லியத்தைத் தாளைக் கொண்டே அடையலாம். 18 மி.மீ. பிளைவுட்டை 21 செ.மீ. அகலத்துக்கு அறுத்து, அடியில் இரண்டு பக்கமும் நெடுக ரீப்பர் கட்டை அடித்துக்கொள்ளுங்கள். நீளப் பலகை தொய்வதை அது தடுக்கும். நீளவாக்கில் கொத்தனார்கள் பயன்படுத்தும் டியூப் லெவலும், அகலவாக்கில் ரசமட்டமும் வைத்துப் பாருங்கள். பலகையைத் தாங்கும் கால்களில் தாழ்ந்திருப்பதன் கீழ் தாளை மடித்துச் செருகிச் செருகிச் சரிசெய்யுங்கள். பிறகு சுழற்சியே இல்லாமல் பந்தை நடுவில் மெல்ல உருட்டுங்கள். நேராகப் போய் நடுவிலேயே முடிந்தால் மட்டம் சரி. இது சரியாகும்வரை அடுத்த வேலைக்குப் போக வேண்டாம். சாய்ந்த பலகையில் பந்து வளைந்தால், வளைத்தது கையா தரையா என்று கடைசிவரை தெரியாது.

தளமும் எண்ணெயும்

பழைய லேன்களில் பந்து வந்து விழும் முன்பகுதியும் பின்கள் நிற்கும் பகுதியும் கெட்டியான மேப்பிள் மரம். நடுப்பகுதி பைன் மரம். இப்போது பெரும்பாலான லேன்களின் மேற்பரப்பு செயற்கைப் பலகை. நமக்கு மைக்கா போதும். வெறும் பிளைவுட் எண்ணெயைக் குடித்துவிடும், மைக்கா குடிக்காது.

பிளைவுட் 8 அடி நீளத்தில் கிடைப்பது இங்கே பெரிய வசதி. முன்னால் 8 அடித் துண்டு, அதைத் தொட்டு 4 அடி 7 அங்குலத் துண்டு. முதல் துண்டுக்குப் பளபளப்பான மைக்கா, இரண்டாவதற்கு மேட் ஃபினிஷ். 40 அடியில் ஐந்தில் ஒரு பங்கு 8 அடி. ஆகவே எண்ணெய் முடியவேண்டிய இடமும் பலகை முடியும் இடமும் ஒன்றாகவே அமைகின்றன. இணைப்பில் விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள், தட்டக்கூடாது.

எந்த எண்ணெய்? இந்த ஓர் இடத்தில் மட்டும் சமையலறையைப் பின்பற்றக்கூடாது. சமையல் எண்ணெய் காற்றுப்பட்டுப் பிசுக்காகிவிடும். லேன்களுக்குக் கனிம எண்ணெய்தான் பூசுகிறார்கள். குழந்தைகளுக்குத் தடவும் பேபி ஆயில் அந்த வகைதான். பரப்பு 25இல் ஒன்றாகச் சுருங்குவதால் 25 மி.லி.க்குப் பதில் நமக்கு ஒரு மி.லி., அதாவது சுமார் இருபது சொட்டு. அதை நடுக்கோட்டில் 8 அடிக்கும் சீராகச் சொட்டவிட்டு, பஞ்சில்லாத துணியால் கோட்டின் பக்கத்திலிருந்து பின்களை நோக்கி ஒரே திசையில் இழுங்கள். ஓரங்களுக்குத் துணியில் ஒட்டிய மிச்சமே போதும்.

ஒவ்வொரு தோசையும் கல்லிலிருந்து கொஞ்சம் எண்ணெயை எடுத்துக்கொண்டு போவதால்தான் நடுநடுவே வெங்காயத் துண்டால் தேய்க்கிறோம். பந்தும் ஒவ்வொரு முறையும் எண்ணெயை எடுத்துக்கொண்டு போய்க் காய்ந்த பகுதியில் இழுகிறது. ஆட்டம் போகப்போகப் பந்து வளையும் இடம் மாறும். நல்ல ஆட்டக்காரர்கள் இதைக் கவனித்து நிற்கும் இடத்தையும் குறியையும் மாற்றிக்கொள்கிறார்கள். நாமும் வீசுவதற்கு முன் பந்தைத் துடைத்துவிட வேண்டும். ஆட்டம் முடிந்ததும் லேனை முழுக்கத் துடைத்து, அடுத்த முறை புதிதாகத் தடவ வேண்டும். வீட்டுத் தரையில் ஒரு சொட்டும் சிந்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பின்கள்

பெரிய பின் ஒன்றரை கிலோவுக்குச் சற்று மேல். மேப்பிள் மரத்தின் மேல் பிளாஸ்டிக் பூச்சு. நம்முடையது 12 அல்லது 13 கிராம் இருக்க வேண்டும். ரப்பர் மரத்தில் கடைந்தால் இந்த எடை ஏறக்குறையத் தானாகவே வரும். கடைசல் பட்டறையில் ஒரு மாதிரியைக் கொடுத்தால் பத்தையும் ஒரே அச்சாகக் கடைந்து தருவார்கள். அம்பாசமுத்திரத்தில் மரச் சொப்புச் சாமான் கடைகிறவர்களுக்கு மூன்று அங்குல வேலை கைவந்த கலை.

இரண்டு அளவுகளில் கறாராக இருங்கள். முதலாவது, வயிறு. பின்னின் மிகப் பருத்த இடம் அடியிலிருந்து 2.3 செ.மீ. உயரத்தில், 2.4 செ.மீ. விட்டத்தில் இருக்க வேண்டும். பந்தின் மையமும் ஏறக்குறைய அதே உயரத்தில் வருவதால் மோதல் நடுவயிற்றில் விழும். இரண்டாவது, அடி. அது 10 மி.மீ. விட்டம். பெரிய பின் ஏறக்குறைய 10 பாகை சாய்ந்தால் விழுந்துவிடும். நிற்கட்டுமே என்று அடியை 15 மி.மீ.க்கு அகட்டினால் 14 பாகை சாய வேண்டியிருக்கும்; ஒன்றையொன்று உரசித் தள்ளும் விளையாட்டே போய்விடும்.

நான்கை அடித்தால் பத்து

பத்தும் விழும் ஸ்ட்ரைக்கில் பந்து பத்துப் பின்களையும் தொடுவதில்லை. முக்கோணமாக நிற்கும் பின்களை முன்னாலிருந்து வரிசைவாரியாக, இடமிருந்து வலமாக எண்ணினால், வலக்கை ஆட்டக்காரரின் கச்சிதமான ஸ்ட்ரைக்கில் பந்து தொடுவது 1, 3, 5, 9 ஆகிய நான்கை மட்டுமே. 1ஆம் பின் 2ஐயும், அது 4ஐயும், அது 7ஐயும் சாய்க்கும். 3ஆம் பின் 6ஐயும், அது 10ஐயும் சாய்க்கும். 5ஆம் பின் 8ஐ எடுத்துக்கொள்ளும்.

இது நடக்கப் பந்து 1க்கும் 3க்கும் இடையிலுள்ள பாக்கெட்டில் சாய்வாக நுழைய வேண்டும். ஆறு பாகை சாய்வு சிறந்தது என்பார்கள். நேராக உருட்டும் பந்துக்கு லேனின் ஓரத்திலிருந்து விட்டாலும் ஒன்றரை பாகைக்குமேல் கிடைக்காது. லேன் அவ்வளவு ஒடுக்கம். மிச்சத்தை ஹூக்தான் தர வேண்டும். எண்ணெய் முடியும் இடத்துக்காக இவ்வளவு மெனக்கெடுவது இதனால்தான்.

எடையும் இங்கேதான் பேசுகிறது. ஒவ்வொரு மோதலிலும் பந்து கொஞ்சம் விலகும். பின்னைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு கனமான பந்து குறைவாக விலகி 5ஐச் சென்று தொடும். டேபிள் டென்னிஸ் பந்தும் ஏறக்குறைய கோல்ஃப் பந்தின் அளவுதான், ஆனால் 2.7 கிராம். முதல் பின்னில் பட்டதுமே திரும்பி வந்துவிடும்.

மறுபடி நிறுத்துவது

1950களின் தொடக்கம் வரை விழுந்த பின்களை எடுத்து நிறுத்தியது பெரும்பாலும் சிறுவர்களின் கைகள். அப்போதுதான் ஏஎம்எஃப் நிறுவனத்தின் தானியங்கி இயந்திரம் மிச்சிகன் மாநிலத்தில் முதன்முதலாக வணிகப் பயன்பாட்டுக்கு வந்தது. அதைவிட எளிய இன்னொரு முறையில் ஒவ்வொரு பின்னின் தலையிலும் ஒரு கயிறு. இழுத்தால் பத்தும் மேலே போகும், விட்டால் தத்தம் இடத்தில் வந்து நிற்கும். 2023இல் அமெரிக்க பௌலிங் சம்மேளனம் இதைத் தனிப் பிரிவாகவே ஏற்றுக்கொண்டது.

வீட்டுக்கு இதுவே பொருத்தம். பின்களுக்கு ஓரடி மேலே ஒரு பலகை. அதில் பத்துத் துளைகள். தூண்டில் நரம்பைப் பின்னின் தலையில் முடிந்து, துளை வழியே மேலேற்றி, பத்தையும் பின்பக்கம் ஒரே குச்சியில் கட்டுங்கள். பின்கள் நிற்கும்போது நரம்பு தாராளமாகத் தளர்ந்திருக்க வேண்டும். முடிவில் பழைய ஜமுக்காளம் ஒன்றைத் தொங்கவிட்டால் பந்தின் வேகத்தை அது வாங்கிக்கொள்ளும். 50 மி.மீ. பிவிசி குழாயை நீளவாக்கில் பிளந்தால் இரண்டு பக்கப் பள்ளமும் கிடைத்துவிடும். லேனின் அடியில் 63 மி.மீ. குழாய் ஒன்றை மூன்று அங்குலச் சரிவில் வைத்தால் பந்து தானே உங்களிடம் திரும்பி வரும்.

எண்ணெயை நகர்த்திப் பாருங்கள்

எல்லாம் முடிந்ததும் முதலில் ஒற்றைப் பின்னை வைத்து ஹூக்கைப் பழகுங்கள். விரல்களைப் பந்தின் வலப்புறம் வைத்து, விடும் நொடியில் மேலிருந்து பார்த்தால் இடஞ்சுழியாகத் திருப்புங்கள். பந்து வளைவதற்குள் பின்னைத் தாண்டினால் வேகத்தைக் குறையுங்கள். முன்னதாகவே வளைந்தால் எண்ணெய் போதவில்லை என்று பொருள். கை படிந்ததும் பத்தையும் இறக்குங்கள்.

அதன் பிறகு பந்தையும் பின்களையும் தொடாமல் எண்ணெயின் நீளத்தை மட்டும் மாற்றுங்கள். அமெரிக்கத் தொழில்முறைப் போட்டிகளில் எண்ணெய் வடிவங்களுக்கு விலங்குகளின் பெயர் உண்டு: சீட்டா குட்டையானது, ஷார்க் நீளமானது. வீட்டில் ஒரு நாள் 7 அடிக்குத் தடவுங்கள், இன்னொரு நாள் மேட் துண்டுக்குள்ளும் நீட்டி 9 அடிக்குத் தடவுங்கள். முதல் நாள் ஓரத்தை ஒட்டி விட்டால்தான் பாக்கெட் கிடைக்கும். இரண்டாம் நாள் நடுவை நோக்கி நகர வேண்டியிருக்கும். நேற்று ஸ்ட்ரைக் தந்த அதே வீச்சு இன்று பின்களை உரசிக்கொண்டு போகும்போது, உலகத் தரமான ஆட்டக்காரர்கள் ஒவ்வொரு போட்டியிலும் தீர்க்கும் கணக்கு உங்கள் வராந்தாவுக்கே வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.