பற்குறிச் சான்றின் வலுவும் வரம்பும்

2012 டிசம்பர் 16 இரவு டெல்லியில் ஓடும் பேருந்தில் நிகழ்ந்த கொடுங்குற்றத்தின் வழக்கில், பாதிக்கப்பட்டவரின் உடலிலிருந்த கடிகாயங்களின் புகைப்படங்களும் குற்றம் சாட்டப்பட்டவர்களின் பல் அச்சுகளும் கர்நாடகத்தின் தார்வாடிலுள்ள பல் மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பப்பட்டன. குறைந்தது மூன்று கடிகள் ஒருவருடையவை, மற்றொன்று பெரும்பாலும் இன்னொருவருடையது என அங்கிருந்து வந்த அறிக்கையை உச்ச நீதிமன்றம் 2017 மே 5 அன்று அளித்த தீர்ப்பில் ஏற்றுக்கொண்டது. எனினும் அத்தீர்ப்பு மரண வாக்குமூலம், உடனிருந்த நண்பரின் சாட்சியம், டிஎன்ஏ பொருத்தம் ஆகியவற்றையும் சார்ந்திருந்தது என்பதை மறந்துவிடலாகாது.

கடிகாயத்தைப் பல் அச்சோடு ஒப்பிடும் இம்முறை இரு அனுமானங்களைச் சார்ந்தது: ஒவ்வொருவரின் முன்பல் வரிசையும் தனித்தன்மை உடையது, அவ்வமைப்பு தோலில் பிசகின்றிப் பதிகிறது. தோலோ மெழுகன்று, அது நெகிழ்ந்து, வீங்கி, நிறம் மாறுவதால், ஒரே பல்வரிசை இரு இடங்களில் இரு வடிவங்களைத் தரக்கூடும். அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் 2009 அறிக்கையும், அந்நாட்டு அதிபரின் அறிவியல் ஆலோசகர் குழுவின் 2016 அறிக்கையும் இம்முறைக்குப் போதிய அறிவியல் அடித்தளமில்லை என்றே கூறின. அரிசோனாவில் பற்குறியை முதன்மையாகக் கொண்டு தண்டிக்கப்பட்ட ரே க்ரோன், டிஎன்ஏ சோதனையால் 2002இல் விடுதலையானார். அதற்குள் அவர் மரண தண்டனைக் கைதியாகவும் இருந்துவிட்டார்.

சிதைந்த உடலைப் பல் மருத்துவப் பதிவுகளோடு ஒப்பிட்டு அடையாளங்காணும் முறை இதனின்று வேறானது, நம்பத்தக்கது. அங்கே பல்லே பல்லோடு ஒப்பிடப்படுகிறது. கடிகாயத்திலும் விரைவில் துடைத்தெடுக்கப்படும் உமிழ்நீரின் டிஎன்ஏ, காயத்தின் வடிவத்தைவிட உறுதியான சான்றாகும்.