உச்சியில் ஒரு துளை

பெரியதொரு வட்ட மண்டபம். அதில் சன்னலே இல்லை. வாயிலை விட்டால், கூரையின் உச்சியிலுள்ள துளை ஒன்றுதான் ஒளி வரும் வழி. ரோம் நகரிலுள்ள பாந்தியன் அத்தகையது. ஹேட்ரியன் பேரரசர் காலத்தில் கோயிலாகக் கட்டப்பட்ட இது, கி.பி. 609இல் கிறித்தவ ஆலயமாயிற்று.

இதன் குவிமாடத்தின் விட்டம் சுமார் 43 மீட்டர். தரையிலிருந்து உச்சிவரை உயரமும் அவ்வளவே. துளையின் அகலமோ 8 மீட்டருக்கும் அதிகம்! இவ்வளவு பெரிய துளையால் மாடம் வலுவிழந்துவிடாதா?

இல்லை. இம்மாடம் இரும்புக் கம்பியில்லாத காங்கிரீட்டால் ஆனது. காங்கிரீட் அழுத்தத்தை நன்கு தாங்கும். இழுத்தால் விரிசல் காணும். உச்சியில் பாரம் மிகுந்தால் மாடத்தின் அடிப்பகுதி வெளிப்புறமாக விரியப் பார்க்கும். ஆகவே மேலே செல்லச் செல்ல மாடத்தின் கனத்தைச் சுமார் 6 மீட்டரிலிருந்து 1.2 மீட்டராகக் குறைத்தார்கள். உச்சிப் பகுதியில் இலேசான நுரைக்கல்லைக் கலந்தார்கள். துளையும் பாரத்தை மேலும் குறைக்கிறது. அதன் விளிம்பு வளையம் சுற்றிலுமிருந்து வரும் நெருக்கத்தைத் தாங்கிக்கொள்கிறது.

அத்துளை வழியே விழும் ஒளிவட்டம் ஓரிடத்தில் நிற்பதில்லை. பூமி மணிக்கு 15 பாகை சுழல்வதால் அதுவும் நகர்கிறது. கோடை நண்பகலில் தரையில் விழும். குளிர்கால நண்பகலில் சூரியன் தாழ்ந்திருப்பதால் மாடத்தின் உட்புறத்திலேயே விழும். மழையும் உள்ளே வரும். அதற்காகத் தரையில் சாய்வும் வடிகால் துளைகளும் உண்டு.

உங்கள் வீட்டுக் கூரையின் இடுக்கு வழியே தரையில் விழும் வெயில் பொட்டைச் சுற்றிச் சாக்கட்டியால் கோடு போடுங்கள். பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள். பொட்டு கோட்டைத் தாண்டியிருக்கும். பாந்தியனில் நிகழ்வதும் அதுவே.