குஞ்சு சேவலா, பெட்டையா? 12 வாரம் பொறுங்கள்

'எல்லாம் பெட்டைக் குஞ்சுதான், நம்பி எடுங்க' என்று வியாபாரி சொல்லக் கேட்டிருப்பீர்கள். முட்டைக்காகப் பத்துக் குஞ்சு வாங்கி வளர்த்து, நான்கைந்து மாதம் கழித்து அதில் ஆறு சேவலாகக் கூவிய கதை ஊருக்கு ஊர் உண்டு. நான் பயிர்களைப் படித்தவன். ஆனாலும் நெல் வயலைப் பார்த்துவிட்டு வரப்பில் ஏறியதும், வீட்டுப் பெண்கள் கேட்பது பெரும்பாலும் கோழியைப் பற்றித்தான். அதில் அடிக்கடி வருவது இந்தக் கேள்வி.

பெட்டை என்று எண்ணி வளர்த்தது சேவலாகிவிட்டால் கறிக்காவது விற்கலாம். முட்டைக் காசை நம்பிக் குழுக் கடனுக்குத் தவணை கட்டலாம் என்று போட்ட கணக்குதான் தவறும். இதைவிடப் பெரிய நட்டம் இன்னொன்று. சேவல் என்று நினைத்து, நன்றாக வளர்ந்த வெடைக்கோழியை எட்டாவது வாரத்திலேயே விற்றுவிடுவது. ஆறேழு மாதத்தில் முட்டையிட்டு, அடைபடுத்து, குஞ்சு பொரிக்க வேண்டிய கோழி அது.

கூரான முட்டையில் சேவல், உருண்டை முட்டையில் பெட்டை என்று அடை வைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். உங்கள் கொட்டகையிலேயே இதைச் சோதிக்கலாம். ஒரு கோழி இடும் முட்டைகள் ஏறக்குறைய ஒரே வடிவத்தில்தான் இருக்கும். அந்த முட்டைகளை மட்டும் அடை வைத்துப் பாருங்கள், சேவலும் வரும், பெட்டையும் வரும். முட்டையின் வடிவத்தைத் தருவது தாய்க்கோழியின் கருக்குழாய். குஞ்சின் பாலினமோ ஓடு உருவாகும் முன்பே, தாயிடமிருந்து வரும் குரோமோசோமால் முடிவாகிவிடுகிறது. கோழியினத்தில் சேவலா பெட்டையா என்பதை நிர்ணயிப்பது தாய்தான், சேவல் அல்ல. ஜெர்மனியில் முட்டைக்கோழி இனத்தின் சேவல் குஞ்சுகளைக் கொல்வதற்கு 2022 முதல் தடை இருக்கிறது. அதனால் அங்கே முட்டைக்குள் இருக்கும்போதே பாலினம் அறிய விலையுயர்ந்த இயந்திரங்களைப் பயன்படுத்துகிறார்கள். வடிவத்தைப் பார்த்தாலே தெரியும் என்றால் அந்தச் செலவு எதற்கு?

குஞ்சைக் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிடுவது, மோதிரத்தை நூலில் கட்டி மேலே ஆட்டுவது எல்லாம் பொழுதுபோக்கு. பாதிக்குப் பாதி சரியாக வரும். நாணயத்தைச் சுண்டினாலும் அப்படித்தான்.

செல்போன் வீடியோக்களில் வரும் இறக்கைச் சோதனையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது முழுப் பொய் அல்ல. ஒரு நாள் குஞ்சின் இறக்கையை விரித்தால் இரண்டு வரிசை இறகு முளைகள் தெரியும். ஒரு வரிசை மற்றதைவிட நீளமாக இருந்தால் பெட்டை, இரண்டும் சமமாக இருந்தால் சேவல் என்பார்கள். குஞ்சுப் பொரிப்பகங்களில் இந்த முறை உண்மையாகவே நடக்கிறது. ஆனால் அதற்கென்றே பெற்றோரைத் தேர்ந்து இணை சேர்த்திருப்பார்கள். இறகு வேகமாக முளைக்கும் குணமுள்ள சேவலையும், மெதுவாக முளைக்கும் குணமுள்ள பெட்டையையும் சேர்த்தால், பெட்டைக் குஞ்சுகளுக்கு வேகமும் சேவல் குஞ்சுகளுக்கு மந்தமும் வரும். நம் தெருவில் மேயும் நாட்டுக்கோழியில் அப்படி யார் ஏற்பாடு செய்தார்கள்? ஆகவே நாட்டுக் குஞ்சில் இந்தச் சோதனையை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்.

எச்சத்துவாரத்தைப் பிதுக்கிப் பார்க்கும் முறை, 1920களில் ஜப்பானிய விஞ்ஞானிகள் வகுத்தது. பயிற்சி பெற்றவர்கள் ஒரு நாள் குஞ்சிலேயே மிகச் சரியாகப் பிரிப்பார்கள். பழகாத கை அழுத்தினால் குஞ்சின் குடல் சேதமாகி இறந்துவிடும். வீட்டில் வேண்டாம்.

திருவிழாவில் பச்சை, ரோஸ் சாயம் பூசி விற்கும் குஞ்சுகள் பெரும்பாலும் இப்படிப் பொரிப்பகத்தில் கழிக்கப்பட்ட முட்டைக்கோழி இனத்துச் சேவல்கள்தான். அவற்றிடம் முட்டையை எதிர்பார்க்க வேண்டாம்.

எந்த வயதில் எதைப் பார்ப்பது?

நான்காவது வாரத்திலிருந்து கவனிக்கத் தொடங்கலாம். ஒரே நாளில் பொரித்த, ஒரே ரகக் குஞ்சுகளை மட்டுமே ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டும். மூன்று வாரக் குஞ்சையும் ஐந்து வாரக் குஞ்சையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில்தான் பாதித் தவறு நடக்கிறது. பெட்டைகளுக்கு வாலும் முதுகு இறகும் முந்திக்கொண்டு வரும். சேவல் குஞ்சு முதுகில் வழுக்கையோடு, குட்டை வாலோடு, தடித்த காலோடு நிற்கும். ஐந்து, ஆறு வாரத்தில் சேவலின் கொண்டை உயர்ந்து சிவக்கத் தொடங்கும். பெட்டையினுடையது சிறுத்து, வெளிறிய மஞ்சளாகவே இருக்கும்.

இந்தக் கொண்டைக் கணக்கு எல்லா ரகத்துக்கும் பொருந்தாது. அசில் கோழிக்கு இரு பாலிலும் கொண்டை சிறியது, தாடியும் பெயரளவுக்குத்தான். கொண்டை வரவில்லையே என்று அசில் இளஞ்சேவலைப் பெட்டைக் கூட்டத்தில் விட்டவர்கள் உண்டு. கடக்நாத் என்னும் கருங்கோழியில் கொண்டையே கருமைதான், சிவப்பைத் தேடிப் பயனில்லை, அளவைப் பாருங்கள். கழுத்தில் இறகில்லாத ரகத்தில் கழுத்து இறகை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

எட்டு வாரத்தை ஒட்டி நிறம் உதவும். காட்டுக்கோழிச் சாயலில் செம்பழுப்பாக இருக்கும் கோழிகளில், சேவலின் மார்பில் கருப்பு இறகுகள் திட்டுத் திட்டாக முளைக்கும், தோள்பட்டையில் செந்நிறம் ஏறும். பெட்டையின் மார்பு பழுப்பாகவே ஒரே சீராக இருக்கும். முழுக் கருப்பு, முழு வெள்ளைக் கோழிகளில் இந்த அடையாளம் கிடைக்காது.

நான் உறுதியாக நம்பச் சொல்வது 12 வார வாக்கில் வரும் வாலடி இறகை. முதுகு முடிந்து வால் தொடங்கும் இடத்தில் ஓர் இறகை விரலால் நிமிர்த்திப் பாருங்கள். பிடுங்க வேண்டியதில்லை. ஒடுங்கி, நுனி கூராகி, பளபளப்பாக இருபுறமும் தொங்கத் தொடங்கினால் சேவல். நுனி வட்டமாக, மங்கலாக இருந்தால் பெட்டை. அசிலுக்கும் கருங்கோழிக்கும் கழுத்து மொட்டைக்கும் இது பொருந்தும். அசில் மெதுவாக வளர்வதால் இன்னும் சில வாரம் பொறுங்கள்.

கூவுவதைக் கொண்டு பெட்டை என்று முடிவு செய்யக் கூடாது. சில இளஞ்சேவல் இரண்டரை மாதத்திலேயே கரகரத்த குரலில் முயலும். பெரிய சேவல் ஒன்று கொட்டகையில் இருந்தால், அதற்குப் பயந்து வாயே திறக்காததும் உண்டு. கால் முள்ளும் இந்த வயதில் பயன்படாது, வயதான பெட்டைக்கும் முள் வருவதுண்டு. சண்டையை வைத்தும் சொல்லாதீர்கள். சின்ன வயதில் பெட்டைகளும் நெஞ்சோடு நெஞ்சு மோதும்.

ஒரு நாள் பார்த்து முடிவு கட்டாமல், நான்காவது வாரத்தில் சேவல் என்று சந்தேகப்படுவதன் காலில் சிவப்பு நூலும், மற்றதற்குப் பச்சை நூலும் கட்டிவிடுங்கள். ஆறு, எட்டு, பன்னிரண்டாவது வாரங்களில் மறுபடி பாருங்கள். சந்தேகம் மாறினால் நூலையும் மாற்றலாம். கால் பருக்கும்போது நூல் இறுகிச் சதையில் வெட்டும், ஆகவே பார்க்கும் ஒவ்வொரு முறையும் தளர்த்திக் கட்ட மறக்காதீர்கள். விற்பதும் கழிப்பதும் 12 வாரத்துக்குப் பிறகு. அப்போது எட்டுப் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் என்று நல்லதாக நிறுத்திக்கொண்டு, மீதிச் சேவல்களைத் தனியே அடைத்து எடை ஏற்றி விற்கலாம்.

வாங்கும் இடத்திலும் இதே கணக்குதான். நாட்டுக் குஞ்சை ஒரு நாள் வயதில் வாங்கினால், யார் என்ன உறுதி சொன்னாலும் பாதி சேவல் என்றே திட்டமிடுங்கள். ஐந்து பெட்டை வேண்டுமென்றால் பன்னிரண்டு குஞ்சு எடுங்கள், இழப்புக்கும் இடம் வேண்டும் அல்லவா. முட்டைக்கு மட்டுமே தேவை என்பவர்கள் விலை கூடினாலும் மூன்று மாத வெடைக்கோழியாக, வாலடி இறகை நிமிர்த்திப் பார்த்து வாங்குங்கள். குழுவுக்குக் கோழிக் குஞ்சு வழங்க ஏற்பாடு செய்யும் களப்பணியாளர்கள், பயனாளியிடம் முட்டை வருமானக் கணக்கைக் காட்டும்போது பத்துக் குஞ்சுக்குப் பத்துப் பெட்டை என்று பெருக்கிவிடாதீர்கள்.